37,500 ரூபாய் வந்தது, அம்மாவுக்குத் தூக்கம் வரவில்லை

"வெள்ளத்தில் தப்பியவர்களுக்கு நிவாரணப் பணம் போதாதா, மனநல ஆலோசனையெல்லாம் எதற்கு?" என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் வீட்டில் யாரோ ராத்திரியெல்லாம் விழித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள், அதைப் பார்த்துப் பார்த்து அலுத்துப்போய்க் கேட்கிறீர்கள் என்றே எடுத்துக்கொள்கிறேன். எனக்கும் அந்த அலுப்பு இருந்தது.

எங்கள் ஊர் ஊத்தங்கரைப் பக்கம். 2024 டிசம்பர் 1, ஞாயிற்றுக்கிழமை. ஃபெஞ்சல் புயல் முந்தின ராத்திரியே புதுச்சேரி அருகே கரையைக் கடந்துவிட்டது, நமக்குக் கடலா இருக்கிறது என்று நிம்மதியாகப் படுத்தோம். மறுநாள் காலைக் கணக்கில் ஊத்தங்கரையில் 50 சென்டிமீட்டர் மழை. வருஷம் முழுக்கப் பெய்வதில் பாதிக்கு மேல் ஒரே நாளில் கொட்டிவிட்டது. ரோட்டோரம் நின்ற வேன்களும் கார்களும் அடித்துக்கொண்டு போனதை டிவியில் நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

ஏரி கோடி போய்த் தண்ணீர் மாட்டுக் கொட்டாய்க்குள் ஏறியபோது அம்மா கறவை மாட்டை அவிழ்க்கப் போனார். நனைந்த கயிறு இறுகிவிட்டது, முடிச்சு வரவில்லை. தண்ணீர் இடுப்புக்கு வந்ததும் நான்தான் அவரைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு எதிர் மாடிவீட்டுக்கு ஓடினேன். மாடு கத்தியது மாடி வரை கேட்டது. அப்புறம் கேட்கவில்லை.

நீங்கள் சொல்லும் நிவாரணம் வந்தது. மாட்டுக்கு 37,500 ரூபாய். அந்த வெள்ளத்துக்கு ஆட்டுக்கு 4,000, கோழிக்கு 100 என்று எல்லாவற்றுக்கும் தொகை இருந்தது. அம்மா பாஸ்புக்கைக் கையால்கூடத் தொடவில்லை.

துக்கம் விசாரிக்க வந்தவர்கள் எல்லாரும் "எப்படிக்கா தண்ணி வந்துச்சு, சொல்லு" என்றார்கள். அம்மா சொல்லத் தயங்கினால் "சொல்லும்மா, சொன்னால் பாரம் குறையும்" என்று நானே தூண்டுவேன். ஒரு நாளில் நாலு தடவை, ஐந்து தடவை. ஒவ்வொரு முறையும் முடிச்சில் வந்து நின்று, விரல்களைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பார். "உயிர் தப்பிச்சதே பெரிசு, மாடு போனா என்ன" என்று எல்லாரும் தேற்றுவோம். அது தேற்றல் இல்லை என்று எனக்குப் பிறகுதான் புரிந்தது. பேரிடர் நடந்த கையோடு ஒருவரை நடந்ததையெல்லாம் விலாவாரியாகச் சொல்லவைக்கக் கூடாது என்பதுதான் உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு. 2011-ல் அவர்கள் போட்ட உளவியல் முதலுதவிக் கையேட்டில் இருப்பது மூன்றே வேலை: பார்ப்பது, காது கொடுத்துக் கேட்பது, உதவி கிடைக்கும் இடத்தில் சேர்த்துவிடுவது. அவராகச் சொன்னால் கேட்கலாம், கிளறக் கூடாது.

பொங்கல் கழிந்த பிறகும் தூறல் விழுந்தால் அம்மா எழுந்துபோய்த் தெருவில் கட்டியிருக்கும் ஆடு மாடுகளையெல்லாம் அவிழ்த்துவிடுவார். பக்கத்து வீட்டோடு சண்டையே வந்தது. பயந்த கோளாறு என்று மந்திரித்துக் கயிறு கட்டினோம். இதை எழுதியதும் சிலர் "மூடநம்பிக்கை" என்று வருவீர்கள். கோயிலுக்குப் போய் வந்த அன்று அம்மா ஒரு வாய் சாப்பிட்டார், அதை நான் குறையாகச் சொல்ல மாட்டேன். தப்பு என்றால் மெடிக்கலில் கேட்டு நாங்களாகத் தூக்க மாத்திரை வாங்கிக் கொடுத்ததுதான்.

இதற்கு நடுவில் தம்பி. அவனுடைய லோடு வண்டியும் அன்றைக்குத் தண்ணீரில் போனது. வருஷா வருஷம் தவறாமல் இன்சூரன்ஸ் கட்டியவன். போய்க் கேட்டால், அது மூன்றாம் நபர் காப்பீடு மட்டும்தானாம், வெள்ளச் சேதத்துக்குப் பைசா கிடையாதாம். கையெழுத்து வாங்கிய ஏஜெண்ட் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். இல்லாத வண்டிக்கு மாதத் தவணை மட்டும் நின்றபாடில்லை. வண்டி வைத்திருப்பவர்கள் இன்றைக்கே பாலிசியை எடுத்துப் பாருங்கள். கேள்விக்குச் சம்பந்தம் இல்லைதான், ஆனால் தவணை கேட்டு வந்த ஒவ்வொரு போனுக்கும் அம்மா வெடவெடத்துப்போவார்.

கடைசியில் வழிகாட்டியது மக்களைத் தேடி மருத்துவத்தில் பிரஷர் மாத்திரை கொண்டுவரும் அக்கா. அந்தத் திட்டம் 2021-ல் தொடங்கியதே எங்கள் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான். மாத்திரை போட்டும் பிரஷர் இறங்கவில்லை என்றதும் அவர், "ராத்திரி தூங்குறீங்களாம்மா?" என்று கேட்டார். நாங்கள் யாரும் கேட்காத கேள்வி. மாவட்ட மனநலத் திட்டத்து டாக்டர் அரசு ஆஸ்பத்திரிக்கு வரும் நாளைச் சொல்லி அனுப்பினார்.

டாக்டர் கதை எதையும் கேட்கவில்லை. சாப்பாடு, தூக்கம், மழை வந்தால் உடம்பு என்ன செய்கிறது என்றுதான் கேட்டார். இது பைத்தியம் இல்லை என்று அம்மாவின் முகத்தைப் பார்த்தே சொன்னார். முதல் சில வாரம் இப்படி இருப்பது இயல்பு, பெரும்பாலானோருக்குத் தானாகச் சரியாகும், மாதம் தாண்டியும் நிற்காமல் அன்றாட வேலையைக் கெடுத்தால் வைத்தியம் வேண்டும் என்றார். மாத்திரை கொஞ்ச நாள், பேச்சு நாலைந்து தடவை. அப்புறம் ஒரு கன்று வாங்கினோம். அதை எப்படிக் கட்டுவது என்று அம்மாவே முடிவு செய்தார்: ஒரு இழுப்பில் அவிழும் முடிச்சு. மழை வந்தால் போய் ஒருமுறை இழுத்துப் பார்த்துவிட்டு வந்து படுத்துக்கொள்கிறார்.

நான் டாக்டர் இல்லை, எல்லாருக்கும் இப்படியே ஆகும் என்று சொல்லவும் இல்லை. உங்கள் வீட்டில் இருப்பவர் ஆஸ்பத்திரிக்கு வர மறுத்தால் 14416-க்கு நீங்கள் போன் போடுங்கள். டெலி மானஸ் என்று பெயர், இலவசம், எந்நேரமும் தமிழில் பேசலாம். நானும் ஒருநாள் ராத்திரி அம்மாவுக்காக என்று சொல்லித்தான் கூப்பிட்டேன். பேசிக்கொண்டே வந்தவன், மாடி வரை கேட்ட அந்தச் சத்தத்தைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்துவிட்டேன்.