கட்டிய 499 ரூபாய் திரும்ப வருமா?

கேள்வி: பழைய தையல் மிஷினை விற்க ஒரு விற்பனைத் தளத்தில் விளம்பரம் போட்டேன். ஏழு நாள் முதல் வரிசையில் காட்டுவதாகச் சொன்னதால் 499 ரூபாய் கட்டினேன். இரண்டாம் நாளே கீழே போய்விட்டது. கேட்டால், ‘ரீஃபண்ட் கிடையாது’ என்கிறார்கள். விட்டுவிடவா?
- வாசகி, தண்டையார்பேட்டை

பதில்: விடாதீங்கம்மா. காசு கட்டி சேவை வாங்கிய நீங்கள் நுகர்வோர். ஏழு நாள் என்று சொல்லி இரண்டு நாளில் இறக்கியது சேவைக் குறைபாடு. ஆனால் ஏழு நாளும் மேலேயே இருந்து, யாரும் போன் செய்யவில்லை என்றால் கேட்க முடியாது. வாங்க ஆள் வரும் என்று அவர்கள் வாக்குக் கொடுக்கவில்லையே.

நீங்கள் அனுப்பிய ஸ்கிரீன்ஷாட்டில் ‘7 நாள்’ என்பதும் பணம் கட்டிய தேதியும் தெளிவாக இருக்கின்றன. அதை அழித்துவிடாதீர்கள். முதலில் தளத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுதுங்கள். 2020 மின்வணிக விதிகளின்படி 48 மணி நேரத்துக்குள் புகார் கிடைத்ததாகச் சொல்ல வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். நடக்கவில்லையா? தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்குப் போன் செய்யுங்கள். அப்புறம் நுகர்வோர் ஆணையம். நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், இந்தத் தொகைக்குக் கட்டணமும் இல்லை. இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும்.

இன்னொன்று. ‘ரீஃபண்ட் அனுப்புகிறோம், பின் நம்பர் போடுங்கள்’ என்று யாராவது கூப்பிட்டால் உடனே வைத்துவிடுங்கள். பணம் வாங்க பின் நம்பர் தேவையே இல்லை.