குருட்டுப் புள்ளியில் தெரிவது எது?

அன்புள்ள ஐயா,

ஒவ்வொரு கண்ணிலும் ஒரு குருட்டுப் புள்ளி உண்டு என்று எழுதியிருந்தீர்கள். ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தாலும் எனக்கு ஓட்டை எதுவும் தெரியவில்லையே? அந்த இடத்தை மூளை நினைவிலிருந்து எடுத்து நிரப்புகிறதா?

– ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

நினைவிலிருந்து இல்லை. ஓரத்தில் இருப்பதைத்தான் உள்ளே பரப்பிக்கொள்கிறது. வீட்டிலேயே சோதித்துப் பார்த்துவிடலாம்.

விழித்திரையிலிருந்து சுமார் 10 லட்சம் நரம்பிழைகள் ஒன்றுசேர்ந்து கண்ணை விட்டு வெளியேறும் இடத்தில் ஒளியை உணரும் செல்கள் கிடையாது. 1660களில் பிரான்சின் இயற்பியலாளர் எட்மே மரியோத் கண்டறிந்தது இதைத்தான். நேர்ப்பார்வையிலிருந்து காதுப் பக்கமாக ஏறக்குறைய 15 பாகை தள்ளி, 5 பாகைக்குக் குறையாத அகலத்தில் அந்த ஓட்டை விழுகிறது. முழு நிலவின் அகலம் அரைப் பாகைதான். பத்து நிலவை வரிசையாக அதற்குள் ஒளித்துவிடலாம்!

வெள்ளைத் தாளில் இடப்பக்கம் ஒரு கூட்டல் குறி போடுங்கள். அதற்கு நேராக 8 செ.மீ. வலப்புறம் தள்ளி, 1 செ.மீ. விட்டத்தில் ஒரு கறுப்பு வட்டம். இடக்கண்ணை மூடி, வலக்கண்ணால் கூட்டல் குறியை மட்டும் பார்த்தபடி, தாளை அரை மீட்டர் தொலைவிலிருந்து மெல்லக் கிட்டே கொண்டுவாருங்கள். ஏறக்குறைய 30 செ.மீ. வரும்போது வட்டம் காணாமல் போகும். போகவில்லையென்றால், பெரும்பாலும் பார்வை வட்டத்தின் பக்கம் நழுவியிருக்கும். அல்லது தாளோ தலையோ சாய்ந்திருக்கும்.

அந்த இடத்தில் இப்போது தெரிவது வெறும் தாள். மஞ்சள் தாளாக இருந்தால் மஞ்சள். வட்டத்தின் நடுவே மேலும் கீழுமாக 12 செ.மீ. நீளத்துக்குத் தடித்த கோடு ஒன்றை இழுத்துவிட்டுப் பாருங்கள்: வட்டம் மறைந்தும் கோடு அறுபடாமல் ஓடும். வட்டத்தை வரைந்தது நீங்கள்தான், அது அங்கேதான் இருக்கிறது என்பதும் உங்களுக்குத் தெரியும். ஆனாலும் மூளை அதை வரைந்து காட்டவில்லை. நினைவுக்கு இதில் வேலையில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

மூளை நிரப்புவதில்லை, அந்த இடத்தைக் கண்டுகொள்ளாமல் விடுகிறது, அவ்வளவுதான் என்று வாதிடுபவர்களும் உண்டு. 1991இல் நரம்பியல் அறிஞர் வி. எஸ். ராமச்சந்திரனும் உளவியலாளர் ரிச்சர்ட் கிரகரியும் செய்த சோதனை அந்த வாதத்தைப் பலவீனமாக்குகிறது என்பேன். புள்ளிகள் மினுங்கும் திரையில், பார்வை மையத்துக்குச் சற்றுத் தள்ளி ஒரு சிறு சாம்பல் சதுரம். மையத்தையே உற்றுப் பார்த்தால் சில நொடிகளில் சதுரம் மறைந்து அங்கும் மினுக்கம் பரவுகிறது. திரை முழுவதையும் சாம்பலாக மாற்றியதும், சதுரம் இருந்த இடத்தில் மட்டும் சில நொடிகள் மினுக்கம் தெரிகிறது! கண்டுகொள்ளாமல் விட்ட இடத்தில் மினுக்கம் எப்படி வரும்?

இந்த நிரப்பல் நோயையும் மூடிவிடுகிறது என்பதுதான் என் கவலை. கிளாக்கோமா என்ற கண் நரம்பு நோயில் நரம்பிழைகள் அழிந்து பார்வையில் ஓட்டைகள் விழுந்தாலும், பலருக்கு அவை கறுப்பாகத் தெரிவதில்லை. ஒரு கண்ணின் குறையை மற்றது ஈடுகட்டும். மிச்சத்தை மூளை பூசி மெழுகிவிடும். ஒரு கண்ணை மூடிப் பார்த்துத் திருப்திப்பட வேண்டாம். குடும்பத்தில் யாருக்காவது அந்நோய் இருந்தால் கண் மருத்துவரிடம் கேட்டு ஃபீல்டு டெஸ்ட் (பார்வைப் புலச் சோதனை) செய்துகொள்ளுங்கள். அதில் நடுவிலுள்ள விளக்கையே பார்த்தபடி, சிறு ஒளி தோன்றும்போதெல்லாம் பொத்தானை அழுத்த வேண்டும். பல கருவிகள் இடையிடையே குருட்டுப் புள்ளியிலும் ஒளியைப் போடும். அதற்கும் பொத்தான் அழுத்தினால் உங்கள் பார்வை மையத்தை விட்டு விலகியிருக்கக்கூடும் என்று கருவி குறித்துக்கொள்ளும்.