அரசாங்கக் காசுல செஞ்ச ஆராய்ச்சிய கொம்பனிக்கு குடுக்கிறது சரியா?

அரசாங்க ஆராய்ச்சி நிதிய பல்கலைக்கழகம் பிரைவேட் கொம்பனிக்கு திருப்பி விடுறது நியாயமா எண்டு கேட்டிருக்கீங்க. நீங்களும் எங்கயோ ஒரு ப்ரொஜெக்ட்ல ஆராய்ச்சி உதவியாளரா இருக்கிறீங்க போல, இல்லாட்டி இந்தக் கேள்வி வராது.

நானும் இருந்தன். பேர் சொல்லமாட்டன், மட்டக்களப்புல உள்ள பல்கலைக்கழகம் இல்ல. அரச நிதியில நெல்லுக்கு பக்டீரியா உரம் செஞ்சம். வயல் வேணும் எண்டு சேர் கேக்க, மட்டக்களப்பு படுவான்கரையில மாமாட வயல நான்தான் காட்டிக் குடுத்தன். ரெண்டு மாரிப் போகம், சின்னச் சின்ன பாத்தியா பிரிச்சு மாமாவே வரம்பு கட்டி, ஒண்டுல உள்ள தண்ணி மத்ததுக்கு கசியுதா எண்டு ராவுல டோர்ச்சோட போய் பாத்து, ஒரு சதம் வாங்கல, மருமகன்ட படிப்பு எண்டு.

பிறகு தரவெல்லாம் ஒரு கொம்பனிக்கு போச்சு, அடுத்த நிதியில பாதியும் அங்கதான் போச்சு, சேர் அங்க ஆலோசகர். 2021ல இலங்கையில ரசாயன உரத்த நிப்பாட்டி வேளாண்மைக்காரன்ட வயித்துல அடிச்சாங்களே (அத நினைச்சா இப்பவும் வயிறு எரியுது), அந்த மாரிக்கு மாமா உரக்கடையில போத்தல் ஒண்டு வாங்கிற்று வந்தாரு. லேபிள் படத்துல அவர்ட வயல், அவர்ட வாடி. "மனே, இது நம்மட வயல்ல ஊத்தினதுதானே?" எண்டாரு. என்னால வாய் திறக்க ஏலாம போச்சு.

கொம்பனியே கூடாது எண்டு சொல்ல வரல, அப்பிடி எழுதினன் எண்டு சண்டைக்கு வராதீங்க. ஊருக்கெல்லாம் போத்தல் அடைக்க லேப்பால ஏலாது. அமெரிக்காவுல 1980ல வந்த பேய்-டோல் சட்டமே, அரச காசுல கண்டுபிடிச்சத பல்கலைக்கழகம் சொந்தமாக்கி கொம்பனிக்கு குடுக்கலாம் எண்டுது. கொம்பனி ஒழுங்கா செய்யாட்டி அரசாங்கம் தலையிட்டு வேற ஆளுக்கு குடுக்கலாம் எண்டும் அதுல இருக்கு, 40 வருசம் தாண்டியும் ஒருக்காவும் அத பாவிக்கல. அதாலதான் சொல்றன், ஒப்பந்தத்த முதல்லயே ஊருக்கு காட்ட வேணும், வயல் குடுத்தவனுக்கு கட்டாயம்.

நீங்க செய்யக்கூடியது, இலங்கையின்ட 2016ம் ஆண்டு 12ம் இலக்க தகவல் அறியும் உரிமைச் சட்டத்துல ஒப்பந்தத்த கேட்டு விண்ணப்பம் போடுங்க, 14 வேலை நாளுக்குள்ள முடிவு சொல்ல வேணும். வியாபார ரகசியம் எண்டு மறுக்கப் பாப்பாங்க, பொதுநலன் பெரிசா இருந்தா அதையும் குடுக்க வேணும் எண்டு 5ம் பிரிவுல இருக்கு. என்ட படிப்புக்கு சேர்ட கையெழுத்து வேணும் எண்டு பயந்து அண்டைக்கு நான் போடல. மாமா அந்தப் போத்தலுக்கு முழுக்காசும் குடுத்தாரு.