யூத அமைப்பில் நம் பெண்ணுக்கு என்ன வேலை?

நியூஜெர்சி எடிசனிலிருந்து ஒரு தம்பதி போன வாரம் என்னைப் பார்க்க வந்தார்கள். மகள் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டு, மருத்துவக் கல்லூரிக்குத் தயாராகும் ப்ரீ-மெட் மாணவி. இந்தக் கோடையில் அவளை எம்கேட் என்ற மருத்துவ நுழைவுத் தேர்வுப் பயிற்சியில் சேர்க்கப் பணம் எடுத்து வைத்திருக்கிறார்கள். அவளோ யூதர்கள் நடத்தும் சமூக சேவை அமைப்பான ஜூயிஷ் ஃபேமிலி சர்வீஸ் அலுவலகம் ஒன்றில் இன்டர்ன்ஷிப் வாங்கி வந்து நிற்கிறாள். "யூதர்கள் ஆபீஸ்ல நம்ம பொண்ணுக்கு என்ன சார் வேலை? எங்க அண்ணன் போன்ல கத்துறார்" என்று அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

முதலில் சமாதானம்தான் சொன்னேன். மாமாவின் பேச்சையே திரும்பத் திரும்பக் கேட்டதும் நிறுத்திக்கொண்டேன். மாமா சொல்வது தவறு.

யூதர்கள் தம் மக்களைக் காக்கத் தொடங்கிய அமைப்புகள் இவை. கிழக்கு ஐரோப்பாவிலிருந்து தப்பி வந்தவர்களுக்கு நியூயார்க்கில் கைகொடுத்த ஹையாஸ் என்ற அமைப்பு, 1975-க்குப் பிறகு வியட்நாம் அகதிகளையும் குடியமர்த்தியது. பாஸ்டனில் 1938-ல் தொடங்கிய ஜே.வி.எஸ். என்ற யூத வேலைவாய்ப்பு அமைப்பு இன்று எந்த நாட்டிலிருந்து வந்தவருக்கும் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்து வேலை தேடித் தருகிறது. இப்படிப்பட்ட சேவைப் பிரிவுகளில் ஊழியர்களும் பல மதத்தவர்கள்.

அங்கே உங்கள் மகள் என்ன கற்பாள்? ஒன்றைச் சொல்கிறேன். இந்த அமைப்புகள் கவனிக்கும் முதியோரில் நாஜி வதையிலிருந்து பிழைத்தவர்களும் உண்டு. அவர்களில் இன்று உயிரோடு இருக்கும் எல்லோருமே எண்பதைத் தாண்டியவர்கள் அல்லது தொட்டவர்கள். உணவுப் பொருள் கொடுக்கும்போது அவர்களை வரிசையில் நிற்க வைக்கக் கூடாது. மீந்த ரொட்டியை அவர்கள் கண்முன் குப்பையில் போடக் கூடாது. வரிசையும், சீருடையும், பூட்டிய கதவும் அவர்களுக்கு நாஜி வதை முகாமை நினைவூட்டிவிடும். பத்தொன்பது வயதில் இதைக் கற்ற பெண், பின்னாளில் எந்த நோயாளியின் கட்டிலருகே போனாலும் முதலில் அவர் முகத்தைப் பார்ப்பாள்.

இன்னொன்று, 'ப்ராசஸ் ரெக்கார்டிங்'. சோஷியல் வொர்க் மாணவர்களுக்கான பழைய பயிற்சி இது. ஒரு பாட்டியின் வீட்டுக்குப் போய் வந்ததும், அவர் சொன்னதையும் இவள் சொன்னதையும் நினைவிலிருந்து வரி வரியாக எழுத வேண்டும். பக்கத்தில், அந்த நொடியில் தன் மனத்தில் ஓடியதை எழுத வேண்டும். சூப்பர்வைசர் உட்கார்ந்து, "அவர் அழ ஆரம்பித்ததும் நீ ஏன் பேச்சை மாற்றினாய்?" என்று கேட்பார். அந்த ஒரு கேள்வியில் பிள்ளைக்குத் தன்னைத் தெரிந்துவிடும். இந்த வேலை தனக்கு ஒத்துவருமா வராதா என்பதை எந்தப் பயிற்சி மையமும் இப்படிச் சொல்லித் தராது. ஒத்துவராது என்று தெரிந்தாலும் லாபம்தான். செலவு ஒரு கோடைக்காலம் மட்டுமே.

1893-ல் நியூயார்க்கில் லில்லியன் வால்ட் என்ற யூதப் பெண், லோயர் ஈஸ்ட் சைடில் குடியேறிய பெண்களுக்கு வீட்டு நோயாளிப் பராமரிப்பு வகுப்பு நடத்திக்கொண்டிருந்தார். ஒரு சிறுமி ஓடிவந்து, பிரசவத்துக்குப் பின் படுத்த படுக்கையாகக் கிடந்த தன் அம்மாவிடம் அழைத்துப் போனாள். வால்ட் அப்போது மருத்துவக் கல்லூரி மாணவி. அந்தப் படிப்பை விட்டார். ஏழைகளுக்கு மருத்துவமும் சமூக சேவையும் தரும் ஹென்றி ஸ்ட்ரீட் செட்டில்மென்ட் பிறந்தது அப்படித்தான். உங்கள் மகளும் மருத்துவத்தை விட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. தன் மனம் எங்கே போகிறது என்று பார்க்க அவளுக்கு வழிவிடுங்கள்.

பணத்தில் நான் கறார். தனியார் மருத்துவக் கல்லூரிச் செலவு நான்கு ஆண்டுக்கு மூன்று லட்சம் டாலரைத் தாண்டும். அரைமனத்தோடு அந்தக் கடனில் ஒரு பிள்ளையைத் தள்ளாதீர்கள். மறுபக்கமும் சொல்லிவிடுகிறேன்: சோஷியல் வொர்க்கர் சம்பளம் ஆண்டுக்கு 60,000 டாலரை ஒட்டித்தான். அதனால் சோஷியல் வொர்க் முதுகலைப் படிப்பான எம்.எஸ்.டபிள்யூ. படிக்க ஆசைப்பட்டால் மாநிலப் பல்கலைக்கழகம் போதும். பெரிய பெயருக்காகக் கடன் வேண்டாம். அந்தப் படிப்பில் குறைந்தது 900 மணி நேரக் களப்பணி உண்டு. அதில் பெரும்பாலும் சம்பளம் இருக்காது. இப்போதே கணக்குப் போட்டு வையுங்கள். லாப நோக்கற்ற அமைப்பில் முழுநேரம் வேலை செய்தபடி 120 மாதத் தவணை கட்டியவர்களின் மீதி மத்தியக் கல்விக் கடனைத் தள்ளுபடி செய்யும் திட்டமும் இருக்கிறது, விதிமுறைகளைப் படித்துவிட்டு நம்புங்கள்.

பெற்றோரின் எச்-1பி வேலை விசாவை ஒட்டி எச்-4 விசாவில் இருக்கும் பிள்ளைகள் சம்பளத்துக்கு வேலை செய்ய முடியாது என்பதையும் மறக்க வேண்டாம். இந்தப் பெண் இங்கேயே பிறந்தவள், அந்தக் கவலை இல்லை.

அகதிகள் பிரிவை மட்டும் இப்போதைக்கு நம்ப வேண்டாம் என்றேன். 2025 ஜனவரியில் அமெரிக்கா அகதிகள் வருகையை நிறுத்தியதிலிருந்து அங்கே ஆள்குறைப்பு. முதியோர் பிரிவைக் கேட்கட்டும். வாரத்தில் எத்தனை மணி நேரம் சூப்பர்வைசர் தனியாக உட்காருவார், பயணச் செலவு தருவார்களா, மாணவர்கள் வேலை செய்து சம்பாதிக்க மத்திய அரசு உதவும் ஃபெடரல் வொர்க்-ஸ்டடியில் சேர்க்க முடியுமா, இந்த மூன்றையும் அவளே கேட்க வேண்டும். அப்பா போன் செய்யக் கூடாது. வெள்ளிக்கிழமை மதியத்துக்குள் கூப்பிடச் சொல்லுங்கள், சாயங்காலம் யூதர்களின் வாராந்திர ஓய்வு நாளான சபாத் தொடங்கிவிடும், அலுவலகத்தைச் சீக்கிரம் மூடிவிடுவார்கள்.