புத்தக அலமாரி: வாசகர் கேள்வி – பதில்

2023 அக்டோபருக்குப் பிறகு இஸ்ரேலைப் பற்றிக் கடிதம் வராத மாதமே இல்லை. இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் அதுதான். ஆகவே சமையல் புத்தகம் கேட்டவர்களும் சிறுவர் கதை கேட்டவர்களும் அடுத்த இதழ் வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

மார்த்தாண்டம் வாசகி: அக்கா, எங்கள் சபைப் பெண்கள் ஐக்கியத்தில் மாதம் ஒரு புத்தகம் வாசிக்கிறோம். விசுவாசம், குடும்பம், இஸ்ரவேலர்மேல் அன்பு, மூன்றும் உள்ள ஒரே புத்தகம் சொல்லுங்களேன்.

கோரி டென் பூம் எழுதிய 'தி ஹைடிங் பிளேஸ்'. ஜான், எலிசபெத் ஷெரில் தம்பதியரின் துணையோடு எழுதப்பட்டு 1971இல் வெளிவந்தது. நெதர்லாந்தின் ஹார்லெம் நகரில் கடிகாரக் கடை வைத்திருந்த ஒரு குடும்பம், நாஜிகள் தேடிய யூதர்களை வீட்டில் ஒளித்து வைத்து, அதற்காகச் சிறைக்கும் வதைமுகாமுக்கும் போன வரலாறு. நம் போதகர்கள் பிரசங்கத்தில் அதன் கடைசி அத்தியாயத்தை மட்டும் பிழிந்து எடுத்துவிட்டார்கள். ம்யூனிக் ஆலயத்தில் முகாமின் பழைய காவலாளி கையை நீட்ட, கோரி போராடிப் போராடி அந்தக் கையைப் பிடிக்கிற இடம். நல்ல இடம்தான். ஆனால் முதல் பாதியைப் படித்தால்தான் அந்தப் பெண் எப்பேர்ப்பட்ட வீட்டில் வளர்ந்தவள் என்று தெரியும்.

தாத்தா 1837இல் தொடங்கிய கடை அது. யூத மக்களுக்காக அந்த வீட்டில் 1844இல் ஜெபக்கூட்டம் தொடங்கியது. நூறு வருஷம் கழித்து, 1944 பிப்ரவரி 28 அன்று, அதே மக்களுக்காக அந்த வீட்டார் கைதானார்கள். ஜெபத்தோடு நின்றுவிட்ட அன்பில்லை அது. கோரியின் அப்பா காஸ்பர், சரியான நேரம் பார்த்து வர வாராவாரம் ரயிலேறி ஆம்ஸ்டர்டாம் போவார். போன இடத்தில் யூத மொத்த வியாபாரிகளோடு உட்கார்ந்து வேதத்தைப் பற்றிப் பேசுவார். அதே தெருவில் கடிகாரக் கடை வைத்திருந்த கான் என்ற யூதரைப் போட்டிக்காரர் என்று யாரும் சொல்லக் கூடாது, அவர் சக தொழிலாளி என்பார். மாடியில் மறைவறைக்குச் சுவர் எழும்புவதற்கு வெகுகாலம் முன்பே, அந்த வீட்டாருக்கு யூதர்கள் பேரும் முகமும் உள்ள அண்டை அயலார்.

குடும்பத்துக்கு ஒரு காட்சி. ரயிலில் சிறுமி கோரி வயதுக்கு மீறிய ஒரு கேள்வி கேட்கிறாள். கடிகாரங்களும் உதிரிப் பாகங்களும் நிறைந்த தன் பெட்டியைத் தூக்கிவரச் சொல்கிறார் அப்பா. அவளால் அசைக்க முடியவில்லை. சில விஷயங்களை அறிவதும் இப்படிப் பாரமானதுதான், நீ வளரும்வரை நான் சுமக்கிறேன் என்கிறார். பிள்ளைகளின் கைப்பேசியைப் பற்றிப் புலம்பும் தாய்மார்கள் உங்கள் ஐக்கியத்தில் இருந்தால், அன்றைய பொழுது இந்த ஒரு பக்கத்துக்கே போதாது.

எனக்கு மிகவும் பிடித்தவர் யூசி. ஆம்ஸ்டர்டாம் ஜெபாலயத்தில் பாடகராக இருந்தவர், இங்கே ஒளிந்திருக்கிறார். தட்டுப்பாட்டு நாளில் பன்றி இறைச்சி மேசைக்கு வந்துவிடுகிறது. இப்படிப்பட்ட நெருக்கடிக்கு யூதச் சட்ட நூலான தல்மூதில் கண்டிப்பாக ஒரு சலுகை இருக்கும், சாப்பிட்டு முடித்ததும் தேடிப் பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டுச் சாப்பிடுகிறார். ஒளிந்திருந்த மற்றவர்கள் இந்த அளவுக்குத் துலங்கவில்லை என்பது புத்தகத்தின் குறை. இன்னொன்றையும் ஐக்கியத்தில் சேர்த்துச் சொல்லுங்கள்: நெதர்லாந்தில் இருந்த சுமார் 1,40,000 யூதர்களில் 1,00,000 பேருக்கு மேல் கொல்லப்பட்டார்கள். கதை பெரும்பாலும் ஒரு நல்ல வீட்டுக்குள்ளேயே நடப்பதால், தெருவில் இருந்த மற்ற வீடுகள் என்ன செய்தன என்று கேட்க மறந்துவிடுகிறோம்.

திருச்சி வாசகர்: இஸ்ரவேல் தேவனுடைய கடிகாரம் என்பார் என் தகப்பனார். அவர் வாங்கி வைத்த கடைசிக்காலப் புத்தகங்கள் ஓர் அலமாரி நிறைய இருக்கின்றன. வாசிக்கலாமா, பழைய பேப்பர்காரரிடம் போடலாமா?

போட்டுவிடாதீர்கள். வெளிவந்த ஆண்டுப்படி வரிசையாக அடுக்கி, அந்த வரிசையிலேயே வாசியுங்கள். 1970இல் ஹால் லிண்ட்சே எழுதிய 'தி லேட் கிரேட் பிளானட் எர்த்', 1948இல் இஸ்ரேல் நாடு பிறந்ததிலிருந்து ஒரு தலைமுறை, அதாவது நாற்பது வருஷம் அல்லது அதையொட்டி, அதற்குள் கடைசிக்காலச் சம்பவங்கள் நிறைவேறிவிடலாம் என்று கணக்குப் போட்டது. அமெரிக்காவில் அந்தப் பத்தாண்டில் அமோகமாக விற்ற புத்தகம். நாசாவில் பொறியாளராக இருந்த எட்கர் விஸெனன்ட் 1988இல் சபை வானத்துக்கு எடுத்துக்கொள்ளப்படும் என்பதற்கு 88 காரணங்கள் அடுக்கினார். அந்தச் செப்டம்பர் சும்மா போனதும், அடுத்த ஆண்டுக்கு மாற்றி இன்னொன்று எழுதினார். எசேக்கியேல் புத்தகத்தில் இஸ்ரவேல்மேல் படையெடுத்து வரும் கோகு சோவியத் ரஷ்யாதான் என்றவர்களுக்கு, 1991இல் சோவியத் யூனியனே இல்லாமல் போனது.

இந்த வகை வாசிப்பின் வேரைப் பார்க்க விரும்பினால், 19ஆம் நூற்றாண்டில் ஜான் நெல்சன் டார்பி என்ற போதகர், பிறகு 1909இல் வந்த ஸ்கோஃபீல்டு வேதாகமம் என்று போக வேண்டும். ஸ்கோஃபீல்டின் குறிப்புகள் வசனம் இருக்கிற அதே பக்கத்தின் அடியில் அச்சாயின. எது வேதம், எது அவர் கருத்து என்று பிரித்துப் பார்க்க வேகமாக ஓடும் கண்ணுக்கு நேரம் ஏது?

தேதி பொய்த்ததைக்கூட நான் பொறுத்துக்கொள்வேன். அந்தப் புத்தகங்களில் போர் விமானம் உண்டு, பீரங்கி உண்டு, படையெடுப்பு வரைபடம் உண்டு. ஹைஃபாவில் காலையில் ரொட்டி சுடுகிற மனிதர் ஒருவர் கிடையாது. உங்கள் தகப்பனார் ஓரத்தில் பென்சிலால் எழுதி வைத்த குறிப்புகள் இருக்குமானால் அவற்றைத் தனியே படித்துப் பாருங்கள். அவை அச்சான வரிகளைவிட நன்றாக இருக்கலாம்.

சென்னை வாசகர்: எங்கள் போதகர் எருசலேம் போய் வந்து பயண நூல் எழுதியிருக்கிறார். மதிப்புரைக்கு அனுப்பினால் போடுவீர்களா?

எருசலேம் பயணத்துக்குத் தமிழ்நாடு அரசு மானியம் தரத் தொடங்கியதிலிருந்து எனக்கு வரும் பயண நூல்களின் எண்ணிக்கையும் ஏறிவிட்டது. பாதி நூல்களில் விமான நிலையம், விடுதிச் சாப்பாடு, யோர்தானில் குளியல், ஒலிவ மலையில் குழுப் படம். அனுப்புங்கள், வாசிக்கிறேன். போடுவதாக வாக்குக் கொடுக்க மாட்டேன்.

நூல் இன்னும் அச்சுக்குப் போகாவிட்டால் அவரிடம் ஒன்று சொல்லுங்கள். பெத்லகேம் ஆலயத்தின் வாசல் ஏறக்குறைய 1.2 மீட்டர் உயரம்தான், எல்லாரும் குனிந்தே நுழைய வேண்டும். இதைத் தாழ்மைக்கு உவமையாக்காத பயண நூலை நான் இன்னும் பார்க்கவில்லை. ஆனால் எருசலேமிலிருந்து அங்கே போகிற பஸ், மேற்குக் கரைக்குள் நுழையும்போது ஒரு பெரிய கான்கிரீட் சுவரைத் தாண்டியாக வேண்டும். அதைப் பற்றி ஒரு வரி இருக்காது. சுவருக்கு எந்தப் பக்கம் நியாயம் என்று அவர் எழுத வேண்டாம். கண்ணில் பட்டதை எழுதினால் போதும். கல்லறைத் திருச்சபையின் சாவி தலைமுறை தலைமுறையாக ஒரு முஸ்லிம் குடும்பத்தின் பொறுப்பில் இருக்கிறது என்ற செய்தி இருந்தால், முதல் வாசிப்பிலேயே பாதி மதிப்பெண் போட்டுவிடுவேன்.

கோயம்புத்தூர் வாசகர்: சென்ற இதழில் 'பிளட் பிரதர்ஸ்' நூலைப் பாராட்டியிருந்தீர்கள், அம்மா. பாலஸ்தீனர் ஒருவர் இஸ்ரேலைக் குறை சொல்லி எழுதிய நூல். ஆபிரகாமின் சந்ததியைச் சபிக்கிறவர்களைச் சபிப்பேன் என்கிறதே ஆதியாகமம் 12? கிறிஸ்தவப் பத்திரிகைக்கு இது அழகா?

அந்த வசனம் பூமியின் வம்சங்களெல்லாம் உனக்குள் ஆசீர்வதிக்கப்படும் என்று முடிகிறது. உங்கள் கடிதத்தில் அந்தப் பாதி விடுபட்டிருக்கிறது, ஐயா.

எலியாஸ் சக்கூர் கலிலேயாவின் பிர்இம் கிராமத்துக் கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தவர். பின்னால், ரோமோடு இணைந்த கிழக்கத்திய மரபுச் சபையான மெல்கைட் திருச்சபையின் பேராயரானார். நூல் 1984இல் வந்தது. யூதப் படைவீரர்கள் ஊருக்கு வரப்போகிறார்கள் என்று தெரிந்ததும் அவருடைய தகப்பனார், ஹிட்லரிடம் தப்பி வருகிற அந்த மக்கள் நம் இரத்த உறவினர் என்று பிள்ளைகளுக்குச் சொல்லி, விருந்துக்கு ஆட்டுக்குட்டி அடிக்க ஏற்பாடு செய்கிறார். வந்தவர்கள் 1948இல், கொஞ்ச நாளைக்கு மட்டும் ஊரைவிட்டுப் போயிருங்கள் என்கிறார்கள். மக்கள் நம்பிப் போகிறார்கள். நீதிமன்றம் வரை போய்ப் பார்த்தும் பலனில்லை. 1953இல் வீடுகள் குண்டு வீசித் தகர்க்கப்பட்டன. தேவாலயம் மட்டும் நிற்கிறது.

நான் வாசிப்பதை நிறுத்திக் கண்ணாடியைக் கழற்றிய இடம் அத்தித் தோட்டம். குடும்பத்தின் தோட்டம் வேறொருவர் கைக்குப் போய்விட்டது. மரங்களைப் பராமரிக்க ஆள் தேவை என்று தெரிந்ததும், தகப்பனார் மகன்களையும் அழைத்துக்கொண்டு கூலிக்குப் போகிறார். தன் கையால் வளர்த்த மரங்கள், தெரியாத ஆள் வெட்டினால் கிளை பாழாகும் என்ற கவலை. மகனுக்கு ஆத்திரம் பொங்குகிறது, தகப்பனாருக்கு மரம்தான் முக்கியம். இதில் சாபம் எங்கே இருக்கிறது, ஐயா?

நூலின் பின்பகுதியில் இஸ்ரேல் அரசு ஒதுங்கிவிடுகிறது. நம் ஊர்ச் சபைகளின் கதை தொடங்குகிறது என்றே சொல்லலாம். இபிலின் கிராமத்துக்குப் போதகராகப் போகிறார் சக்கூர். சபையில் யாருக்கும் யாரோடும் பேச்சு கிடையாது. சகோதரர் நான்கு பேர் ஒருவர் முகத்தில் ஒருவர் விழிப்பதில்லை. தாயின் சாவுகூட அவர்களைச் சேர்க்கவில்லை. ஒரு குருத்தோலை ஞாயிறு, ஆராதனை நடுவில் போய்க் கதவுக்குச் சங்கிலி போட்டுப் பூட்டிவிட்டு, ஒப்புரவாகுங்கள் அல்லது ஒருவரையொருவர் கொன்றுகொள்ளுங்கள், அடக்க ஆராதனையை இலவசமாக நடத்துகிறேன் என்கிறார். வெகுநேர மௌனத்துக்குப் பின் முதலில் எழுந்தவர் அந்தச் சகோதரர்களில் மூத்தவர், போலீஸ்காரர்.

இந்த நூல் ஒரு பக்கத்துக் குரல்தான், அதை மறுக்கவில்லை. டென் பூம் நூலையும் இதையும் ஒன்றன்பின் ஒன்றாக வாசியுங்கள். இரண்டு தகப்பன்மாரும் ஒரே வேதத்தைப் பிடித்துக்கொண்டு கதவைத் திறந்தவர்கள். வாசித்த பின்னும் வருத்தம் தீராவிட்டால் இன்னொரு கடிதம் எழுதுங்கள், அதையும் வெளியிடுவேன்.

பாளையங்கோட்டை கல்லூரி மாணவி: கிறிஸ்தவ நூல்களுக்கு மதிப்புரை எழுத ஆசை, டீச்சர். எங்கே தொடங்குவது?

பின்னட்டையைப் படிக்காமல் தொடங்கு மகளே. எனக்கு வரும் மதிப்புரைகளில் பெரும்பாலானவை பின்னட்டையை விரித்து எழுதியவை. 'ஒவ்வொரு கிறிஸ்தவக் குடும்பத்திலும் இருக்க வேண்டிய ஆசீர்வாதமான நூல்' என்ற வரியை நானே அடித்துவிடுவேன், ஆகவே மையை வீணாக்க வேண்டாம். ஏதாவது ஒரு பக்கத்தை நெருங்கிப் பார்த்து எழுது. பக்க எண்ணிக்கை, விலை, எழுத்தின் அளவு இவற்றை விட்டுவிடாதே. வயதானவர்கள் கடைசியாகச் சொன்னதைத்தான் முதலில் பார்ப்பார்கள்.

கையில் ஒரு பென்சில் வைத்துக்கொள். இஸ்ரேல் பற்றிய நூல் என்றால், தொழிலும் அடுப்பும் உள்ள மனிதர்கள், யூதரோ அரபியரோ, யார் யார் வருகிறார்கள் என்று கடைசித் தாளில் குறித்துக்கொண்டே போ. ஐம்பதாவது பக்கம் வரை தாள் வெறுமையாக இருந்தால் ஆசிரியர் வேறு எதையோ விற்கிறார். குடும்ப வாழ்க்கை பற்றி ஊழியர்கள் எழுதும் நூல்களுக்கு என் அளவுகோல் இன்னும் எளிது: மனைவி எத்தனை இடத்தில் வாய் திறந்து பேசுகிறார்? 'துணைவியாரும் மகிழ்ச்சியோடு சம்மதித்தார்' என்பது பேச்சில் சேராது.

சொந்தக்காரர், சொந்தச் சபைப் போதகர் எழுதிய நூலை எடுக்காதே. எடுக்கத்தான் வேண்டுமென்றால் 'வரப்பெற்றோம்' பட்டியலில் போட்டுவிடு, உறவும் பிழைக்கும்.

தூத்துக்குடி வாசகி: நீங்கள் எழுதும் புத்தகங்கள் இங்கே கடையில் கிடைப்பதில்லை. உங்கள் அலமாரியிலிருந்து இரவல் தருவீர்களா?

என் வீட்டுக்கு வந்து என் கண் முன்னால் உட்கார்ந்து வாசிப்பதானால் காபியும் முறுக்கும் உண்டு. எடுத்துக்கொண்டு போவதானால் இல்லை.