ஊத்தினது போகட்டும், திறப்ப திருப்பினீங்களா?

திருகோணமலை கண்டி வீதியில கராச் வச்சிருக்கிற எனக்கு காலமை வாற முதல் கோல் அனேகமா "அண்ணன், ஒரு சின்னப் பிழை நடந்து போச்சு" எண்டுதான் தொடங்கும். சின்னப் பிழை எண்டா போத்தில் மாறி ஊத்தின கேஸ், குரலிலேயே தெரியும். இந்த மாசம் வந்த கேள்வி முழுக்க அதுதான், ஒண்டா சேத்து பதில் எழுதுறன்.

உப்புவெளியில இருந்து ஒரு தங்கச்சி: வகன் ஆர்ல கூலன்ட் குறைஞ்சிருக்கெண்டு நானே வாங்கி ஊத்தினன், பிறகுதான் பாத்தன் ஓயில் மூடியைத் திறந்து ஊத்தியிருக்கன். அரை லீட்டர் வரும். ஸ்டார்ட் பண்ணேல்ல. கார் போச்சா?

போகேல்ல தங்கச்சி, ஸ்டார்ட் பண்ணாததால எஞ்சின் தப்பிச்சுது. விஷயம் என்னெண்டா கூலன்ட், அதான் எஞ்சின குளிராக்கிற கலர்த் தண்ணி, ஓயில விட பாரம், அது நேரா இறங்கி எஞ்சினுக்குக் கீழ ஓயில் நிக்கிற சம்ப்புக்கு அடியில படுத்திடும், ஓயில் மேல நிக்கும். ஓயில் பம்ப் உறிஞ்சிற வாயும் அதே அடியிலதான் இருக்கு, அப்ப திறப்ப திருப்பின உடன பெயாரிங்குக்கு முதல்ல போறது கூலன்ட், ஓயில் இல்ல. அதுக்குப் பிறகு ரெண்டும் அடிபட்டுக் கலந்து கழி மாதிரி ஆகி, ஓயில் போற சின்னச் சின்ன ஓட்டையெல்லாம் அடைக்கும்.

கராச்சுக்கு ஓடிக்கொண்டு வராதீங்க, வீட்டு வாசலில இருந்து றோட்டுக்கு எடுக்கிறதுக்குக் கூட ஸ்டார்ட் வேணாம். மெக்கானிக்க வீட்ட கூப்பிடுங்க. சம்ப் ஆணிய கழட்டினா முதல்ல கலர்த் தண்ணி வரும், பிறகுதான் ஓயில் வரும், ரெண்டையும் முழுசா இறக்கி, ஏலுமெண்டா ஒரு ராத்திரி சொட்ட விடுங்க. பிறகு புது பில்டர், விலை குறைஞ்ச ஓயில் 3 லீட்டர் வாக்கில விட்டு ரெண்டு நிமிஷம் ஐடில்ல ஓட விட்டு அதையும் இறக்குங்க. இறங்கினது சுத்தமா இருந்தா திரும்பவும் பில்டர மாத்தி நல்ல ஓயில் போடலாம், கலங்கலா இருந்தா இன்னொருக்கா கழுவோணும். காசு போகுதெண்டு கவலைப்படாதீங்க, எஞ்சின் பிரிச்சா போற காசோட பாத்தா இது தேத்தண்ணிச் செலவு.

இறக்கின கூலன்ட பேசின்ல திறந்து வைக்க வேணாம். அது இனிக்கும், அதோட நஞ்சு. நாய் பூனை நக்கினா செத்துப் போகும், சின்னப் பிள்ளைகளுக்கும் ஆபத்து, எங்கட ஊர்ல மானும் கோட்டைக்குள்ள இருந்து றோட்டுக்கெல்லாம் வந்து திரியுதுதானே. மூடி உள்ள கானுக்குள்ள விட்டு வைங்க.

ஹயர் ஓடுற ஒரு தம்பி, சீனன்குடா: என்ட டீசல் கேடிஎச் வானுக்கு பெற்றோல் செட்ல 20 லீட்டர் பெற்றோல் அடிச்சிட்டாங்க, நானும் போன்ல கதைச்சுக்கொண்டு இருந்திட்டன். 4 கிலோமீட்டர் ஓடி நிண்டிட்டு. டீசல நிரப்பி ஓடச் சொல்லி பிரெண்ட் சொல்லுறான்.

பிரெண்டின்ட வான்ல அவரை ஓடிப் பாக்கச் சொல்லுங்க. வெள்ளைக்காரன்ட காலத்து எண்ணெய்த் தாங்கி 99ஐ பக்கத்தில வச்சிருக்கிற சீனன்குடாவிலேயே பெற்றோல் டீசல் மாறுது, என்னத்தச் சொல்ல. சரி விஷயத்துக்கு வாறன்.

டீசல் எஞ்சினுக்கு டீசல் எரிபொருள் மட்டுமில்ல, பம்ப்புக்கு அதுதான் ஓயிலும். உங்கட வான் கொமன் ரெயில், எண்டா ஒரு பம்ப் டீசல அமத்தி ஒரே குழாயால எல்லா இன்ஜெக்டருக்கும் குடுக்கிற வகை, அந்தப் பம்ப் 1000 பாருக்கு மேல அழுத்தம் குடுக்குது, டயருக்கு நாங்க காத்தடிக்கிறதே 2 பார் வாக்கிலதான், யோசிச்சுப் பாருங்க. அந்த அழுத்தத்தில இரும்பும் இரும்பும் உரஞ்சாம காப்பாத்துறது டீசலில இருக்கிற வழுவழுப்பு, பெற்றோல் அதைக் கழுவிக்கொண்டு போயிடும். பிறகு பம்ப் தன்னைத் தானே அராவி, அந்தத் தூள இன்ஜெக்டர் நாலுக்கும் அனுப்பும். உங்களுக்கு 4 கிலோமீட்டர் ஓடியிருக்கு, இனி ஒருக்காக் கூட ஸ்டார்ட் அடிக்க வேணாம், கட்டி இழுங்க. டாங்கிய முழுசா இறக்கி, லைனக் கழுவி, டீசல் பில்டர கழட்டினதும் எறியாம வெட்டி வெளிச்சத்தில பிடிச்சுப் பாக்கச் சொல்லுங்க. உள்ள மினுமினுப்பா தூள் தெரிஞ்சா பம்ப் கடிச்சிட்டு, இன்ஜெக்டரையும் கழட்டி செக் பண்ணோணும், பெரிய செலவுதான், ஒளிக்க ஏலாது. தூள் இல்லையெண்டா புது பில்டர், புது டீசல், பில்டருக்கு மேல இருக்கிற கைப்பம்ப அமத்தி காத்தெடுத்திட்டு ஸ்டார்ட் பண்ணலாம்.

செட்ல வச்சே கண்டு பிடிச்சிருந்தா இதில முக்கால்வாசி வேலை இல்ல. அந்த நேரம் திறப்ப ஓன்ல கூட போடக்கூடாது, சில வாகனத்தில ஓன் பண்ணின உடனேயே டாங்கிக்குள்ள இருக்கிற பம்ப் ஓடத் தொடங்கும். நியூட்ரல்ல தள்ளுங்க, பின்னால நிக்கிறவன் ஹோன் அடிச்சா அடிக்கட்டும். இறக்கின கலப்ப குப்பை எரிக்கிறதுக்கெண்டு வீட்ட கொண்டு போக வேணாம், டீசல் எண்டு நினைச்சு நெருப்பு வச்சா அதில இருக்கிற பெற்றோல் முகத்துக்கு வரும்.

பெற்றோல் காருக்கு டீசல் அடிச்சா?

இது அவ்வளவு மோசமில்ல. புகைக்கும், தட்டும், நிண்டு போகும், பிளக் நனைஞ்சு கறுக்கும். டாங்கிய இறக்கி, பிளக்க துடைச்சு இல்லாட்டி மாத்தி, புதுப் பெற்றோல் விட்டா அனேகமா ஓடும். ஆனா நிண்ட பிறகும் கிறு கிறு எண்டு பற்றறி சாகும் வரைக்கும் அடிக்கிற ஆக்கள் இருக்கிறாங்க, அதால ஒரு பிரயோசனமும் இல்ல.

உவர்மலையில இருந்து ஒரு ஐயா, ரிட்டயர்ட் ஆசிரியர்: பிறேக் ஓயில் குறைஞ்சிருந்தது. வீட்டில இருந்த பவர் ஸ்டியரிங் ஓயிலை கொஞ்சம் விட்டேன். இரண்டும் ஓயில்தானே?

ஐயா, அந்தக் கடைசி வசனத்திலதான் பிழை இருக்கு. பிறேக் ஓயில் எண்டு நாங்க சும்மா சொல்லுறமே தவிர அது ஓயிலே இல்ல. ஒரு கிளாஸ் தண்ணியில ரெண்டு சொட்டு விட்டுப் பாருங்க, பிறேக்குக்கு விடுற டொட் 3 தண்ணியோட கலந்திடும், பவர் ஸ்டியரிங் ஓயில் மேல மிதக்கும். பிறேக்குக்குள்ள இருக்கிற றப்பர் எல்லாம் அந்த டொட் 3க்கு எண்டு செய்தது, பெற்றோலிய எண்ணெய் பட்டா பாண் பால்ல ஊறின மாதிரி ஊதும். முதல்ல தெரியிறது மூடியில, அதுக்குள்ள இருக்கிற றப்பர் பெருத்து திரும்ப மூட ஏலாம நிக்கும். பிறகு காலை எடுத்தாலும் பிறேக் பிடிச்சபடி இருக்கும், இல்லாட்டி அமத்த அமத்த ஒண்டும் பிடிக்காது.

பிறேக்க ஒருக்காவும் மிதிக்கேல்ல எண்டா மேல் டாங்கிய உறிஞ்சி எடுத்து கழுவி, லைன் முழுக்க புது டொட் 3 விட்டு கழுவிப் பாக்கலாம். மிதிச்சிட்டீங்க எண்டா மாஸ்டர் சிலிண்டர்ல இருந்து நாலு வீல் வரைக்கும் றப்பர் மாத்தோணும், ஏபிஎஸ் இருந்தா அதையும் பாக்கோணும். இதில நான் பேரம் பேச மாட்டன் ஐயா, நீங்க இருக்கிறது மலையில, இறக்கத்தில இறங்கித்தான் டவுனுக்கு வரோணும்.

நான் ஒண்டுமே ஊத்தேல்ல, ஆனா ஓயில் பால் தேத்தண்ணி மாதிரி இருக்கு. (வெருகல்)

வெள்ளத்துக்குள்ள ஓடினீங்களா, ஓடியிருந்தா ஓயிலுக்குள்ள தண்ணி போயிருக்கலாம். அப்பிடி இல்லையெண்டா கூலன்ட் குறையுதா பாருங்க, குறைஞ்சா எஞ்சின் ஹெட்டுக்கும் புளொக்குக்கும் நடுவில இருக்கிற ஹெட் கெஸ்கட் போயிருக்கும். ஓயில் கம்பியில நல்ல ஓயில், மூடிக்கு அடியில மட்டும் கொஞ்சம் வெள்ளைச் சளி எண்டா பயமில்ல, கடைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் மட்டும் ஓடுற காரில மாரிகாலம் ஈரம் அப்பிடி படியும், கந்தளாய் வரைக்கும் ஒருக்கா ஓடிட்டு வாங்க. கம்பியிலயும் பால் கலர் எண்டா ஸ்டார்ட் பண்ணாதீங்க.

கிண்ணியா நானா ஒருத்தர்: அக்குவா ஹைபிரிட். சீவீடீ ஓயில் போடச் சொல்லி வாங்கி வச்சிருக்கன், சரியா?

கேட்டிட்டு ஊத்துற ஒரே ஆள் நீங்கதான் நானா. சீவீடீ ஓயில் பெல்ட்டில ஓடுற கியர்பொக்ஸுக்கு, அக்குவாவில ஈ-சீவீடீ எண்டு பேர் இருந்தாலும் உள்ள பெல்ட் இல்ல, கியர் பல்லும் மோட்டரும்தான், அதுக்கு டொயோட்டா சொல்லுறது ஏடிஎஃப் டபிள்யூஎஸ். வாங்கினத திருப்பிக் குடுங்க. போனட்டுக்குள்ள கூலன்ட் டாங்கியும் ரெண்டு இருக்கு, ஒண்டு எஞ்சினுக்கு, மற்றது மோட்டருக்குக் கரண்ட மாத்திக் குடுக்கிற இன்வேட்டருக்கு, ரெண்டுக்கும் கிணத்துத் தண்ணி வேணாம். நிலாவெளிப் பக்கத்து உவர்த் தண்ணி ஊத்தின ஒரு றேடியேட்டர போன கிழமை வெட்டினன், உள்ள கேத்தில் அடி மாதிரி காறை, கார் கன்னியா சுடுதண்ணிக் கிணறு மாதிரி கொதிச்சுதாம்.

மண்ணெண்ணெய் விட்டு எஞ்சின் உள்ளுக்கு கழுவலாமா?

வேணாம். ஊறி இருந்த கசடு துண்டு துண்டா கழண்டு வந்து ஓயில் பம்ப் வாயை அடைக்கும்.

மூதூரில இருந்து ஒரு அக்கா: அவர் போட்டுக்கு வாங்கின 2ரீ ஓயில சோடாப் போத்திலில வச்சிருந்தவர், மகன் எஞ்சின் ஓயில் எண்டு நினைச்சு அல்ட்டோவுக்கு அரைப் போத்தில் விட்டு கிண்ணியா பாலம் வரைக்கும் ஓடிட்டான். அவருக்குத் தெரியாது. கார் பழுதாகுமா?

கார் பிழைக்கும் அக்கா. 2ரீயும் ஓயில்தான், ஆனா பெற்றோலோட சேந்து எரியிறதுக்கெண்டு செய்த மெல்லிசு ஓயில், அதை வச்சு தொடந்து ஓடக்கூடாது, ஓயிலையும் பில்டரையும் மாத்திட்டா முடிஞ்சுது. எனக்கு யோசினை அந்தப் போத்தில்லதான். குறைஞ்சது தெரியக்கூடாதெண்டு மகன் கார் ஓயில அதுக்குள்ள விட்டு நிரப்பியிருந்தா, அவர் அதைப் பெற்றோலோட கலந்துகொண்டு கடலுக்குப் போவார், நடுக்கடலில போட் எஞ்சின் பிடிச்சா கட்டி இழுக்க ஆளில்ல. விடியமுன்னம் மகனிட்ட கேளுங்க.