தேடியது போதும், நோட்டை எடுங்கள்

கேள்வி: வயது 36. வேலை, சம்பளம், குடும்பம் எல்லாம் இருக்கிறது. ஆனாலும் எதற்காக வாழ்கிறோம் என்ற வெறுமை விடமாட்டேன் என்கிறது. இரண்டு வருடமாகப் புத்தகம், சொற்பொழிவு, தியானம் என்று தேடிவிட்டேன். பேசாமல் வேலையை விட்டுவிட்டு என் வாழ்க்கையின் நோக்கத்தைக் கண்டுபிடிக்கலாமா?

பதில்: மைக்கேல் ஸ்டீகர் என்ற உளவியலாளர் தன் குழுவினருடன் 2006இல் வெளியிட்ட வினாத்தாள் ஒன்று உண்டு. பத்தே வாக்கியங்கள், ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 7 வரை மதிப்பெண். ஐந்து வாக்கியங்கள் வாழ்க்கையில் அர்த்தம் இருக்கிறதா என்று கேட்கும். மற்ற ஐந்தும் அதைத் தேடுகிறீர்களா என்று கேட்கும். இரண்டுக்கும் தனித்தனிக் கணக்கு. தேடுவதில் 35க்கு 35 வாங்குகிறவர் மற்றதில் ஒற்றை இலக்கத்தில் நிற்கலாம். உங்கள் கடிதத்தைப் படித்தால் நீங்கள் அந்த ரகம் என்று தோன்றுகிறது. தேடலை இன்னும் முடுக்கிவிடுவதால் பலன் இல்லை.

வேறு எதையும் தொடங்கும் முன் உடம்பைப் பாருங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் பெரும்பாலான நாட்களில், நாளின் பெரும்பகுதி மனம் சோர்ந்தே இருக்கிறதா? பிடித்தது எதுவும் பிடிக்கவில்லையா? தூக்கமும் பசியும் மாறியிருக்கின்றனவா? அப்படியென்றால் இது தத்துவப் பிரச்சினையே அல்ல, டாக்டர் பார்க்க வேண்டிய மனச்சோர்வாக இருக்கலாம். தைராய்டு குறைவும் ரத்தசோகையும்கூட ஆளை இப்படிச் சோர்ந்துபோக வைக்கும். ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். செத்துவிடலாம் என்ற எண்ணம் தலைகாட்டினால் அன்றே உதவி கேளுங்கள், நாளைக்கு என்று தள்ள வேண்டாம்.

அது இல்லை என்றால் ஒரு நோட்டு போதும். மனச்சோர்வுச் சிகிச்சையில் பயன்படும் நேர அட்டவணைதான், கொஞ்சம் மாற்றிக்கொள்வோம். ஒரு வாரம், ஒவ்வொரு மணி நேரமும் என்ன செய்தீர்கள் என்று ஒரு வரி. பக்கத்தில் இரண்டு எண்கள், 0 முதல் 10 வரை: ஒன்று சந்தோஷத்துக்கு, ஒன்று நிறைவுக்கு. ‘இரவு 9-10, போனில் வீடியோ: 5, 0.’ ‘மாலை 6-7, அப்பாவின் ஒரு வார மாத்திரைகளை வேளை வாரியாக டப்பாவில் பிரித்துப் போட்டது: 2, 8.’ இந்த இரண்டாவது வரி மாதிரி எங்கே விழுகிறதோ அங்கேதான் விஷயம் இருக்கிறது. சந்தோஷம் குறைவு, நிறைவு அதிகம். இரண்டையும் ஒன்றென்று நினைத்துத்தான் பலரும் வழி தவறுகிறார்கள். இன்னொரு சறுக்கல், படுக்கப்போகும்போது மொத்தமாக எழுதுவது. ராத்திரி அலுப்பு நாள் முழுவதற்கும் மார்க் போட்டுவிடும். இரண்டு மூன்று மணிக்கு ஒருமுறை எழுதிவிடுங்கள்.

நிறைவு 7க்கு மேல் வந்த வரிகளில் ஒன்றை எடுத்து, வாரத்துக்கு இரண்டு மணி நேரம், எட்டு வாரம், குறித்த கிழமையில் செய்யுங்கள். ஒரே ஒரு நிபந்தனை: நீங்கள் போகாவிட்டால் யாராவது ஒருவருக்கு வேலை கெட வேண்டும். கணக்கு வராத ஒரு பிள்ளைக்குச் சொல்லிக்கொடுப்பது தேறும். தனியாக உட்கார்ந்து கிடார் பழகுவது நல்லதுதான், ஆனால் இதற்கு ஆகாது. செய்வதைப் படம் எடுத்துப் போடவும் வேண்டாம். போட்டால், லைக் குறைந்த வாரமே விட்டுவிடுவீர்கள்.

நாஜி முகாம்களிலிருந்து உயிர் பிழைத்துவந்த வியன்னா மனநல மருத்துவர் விக்டர் ஃப்ராங்கல் அர்த்தத்துக்கு மூன்று வழி சொன்னார்: செய்யும் வேலை, நேசிக்கும் மனிதரும் அனுபவமும், தவிர்க்கவே முடியாத துன்பத்தை எதிர்கொள்ளும் விதம். மூன்றாவதைத்தான் ஆளாளுக்கு மேடையில் மேற்கோள் காட்டுகிறார்கள். தவிர்க்க முடிந்த துன்பம் என்றால் காரணத்தை நீக்கு என்பதும் அவர் சொன்னதுதான். அது மட்டும் யார் வாயிலும் வருவதில்லை. மோசமான மேலதிகாரியைப் பொறுத்துக்கொள்வது தவம் ஆகாது.

வேலையை விடுவதா? எட்டு வாரம் கழித்து முடிவெடுங்கள். அதற்குள் நோட்டே சொல்லிவிடும், நிறைவில் பூஜ்யம் விழுவது ஆபீஸ் நேரத்திலா, வீடு திரும்பிய பிறகா என்று. வீட்டு நேரத்தில் விழுந்தால் ராஜினாமாவால் ஒரு பயனும் இல்லை. காலி நேரம்தான் கூடும். ஆபீஸ் நேரத்தில் என்றால், எந்த வேலைக்கு என்று பாருங்கள். ஓரிரு வேலைகள்தான் என்றால் அவற்றை மாற்றித் தரக் கேளுங்கள். காலை முதல் மாலை வரை பூஜ்யம்தான் என்றால் அடுத்த வேலையைத் தேடுங்கள், கையில் இருப்பதை விடாமல்.